தூங்கும் உறுப்பினருக்கு என்ன விலை?

லண்டன் ஏலப் பட்டியலில் வந்திருக்கும் பென்சில் ஓவியத்தைத் தக்கலையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதமர் கிளாட்ஸ்டன் முழங்குகிறார்; பின்வரிசையில் ஒருவர் வாய்பிளந்து தூங்குகிறார். எனக்குப் பிடித்தவர் அந்தத் தூங்குமூஞ்சிதான்.

அங்கே மக்களவைக்குள் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்ததே 1989இல். அதற்கு முன் உறுப்பினர்களின் முகபாவங்களை ஊருக்குக் காட்டியது பெரும்பாலும் ஓவியர்களின் பென்சில். அச்சுக்காகப் பலர் மரக்கட்டை மீதே வரைந்தார்கள். செதுக்கும்போது மூலக்கோடுகள் அழிந்துபோகும். காகிதத்தில் தப்பியவற்றுக்கு அதனால்தான் இத்தனை மவுசு.

1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் டெல்லிக்கு அனுப்பிய காமராசரை யாராவது அவையில் இப்படி வரைந்திருந்தால், வீட்டை அடகு வைத்தாவது ஏலம் கேட்பேன். கிளாட்ஸ்டனுக்கு அவ்வளவு முடியாது. ஓரத்தில் பழுப்புக் கறை வேறு. கமிஷன், தபால், சுங்கவரி என்று மைத்துனர் கூட்டிக்கொண்டே போகிறார்.