ரசீது வாங்க முடியாத இடத்தில் கணக்கு

நான் கணக்கு எழுதுவது ஒரு சிறிய தெரு ஊழியத்துக்கு. எந்தத் திருமண்டலத்தையும், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பையும், சேராத சுயாதீன ஊழியம். இரவில் வீதியோரம் படுத்திருப்பவர்களைத் தேடிப் போவோம். சாப்பாடு, போர்வை, மருந்து, கொஞ்ச நேரப் பேச்சு, கேட்டால் ஜெபம். இவ்வளவுதான் வேலை.

சுயாதீனமாக இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. இன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கே மருந்து வாங்கலாம்; கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டாம். அதே காரணத்தால் எங்களிடம் கணக்குக் கேட்கவும் ஆள் கிடையாது. சபை என்றால் பொருளாளர் இருப்பார், வருடக் கூட்டத்தில் யாராவது எழுந்து "இந்தத் தொகை எதற்கு?" என்று கேட்பார். இங்கே ஊழியத்தைத் தொடங்கிய அண்ணனே காணிக்கை வாங்கினார், அவரே செலவழித்தார், வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான் இருந்தது. அவர் உத்தமர். ஆனால் அதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் விட்டுவைப்பது அவருக்கே செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றியது.

சேர்ந்த புதிதில் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "தம்பி, நான் கர்த்தருக்குக் கணக்குக் கொடுக்கிறவன். அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?" என்றார்.

அந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விசுவாசத்தில் வாழ்கிற மனிதர் மனதாரச் சொன்னது அது. அதனால் பைபிளில் எஸ்றாவின் எட்டாம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் வழியில் பகைவர் உண்டு என்று தெரிந்தும், ராஜாவிடம் படை கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் பண்ணிப் புறப்பட்டவர் எஸ்றா. அதற்கு மேல் என்ன விசுவாசம் வேண்டும்? அதே எஸ்றாதான் ஆலயத்துக்கான வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர்களின் கையில் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் சேர்ந்து, நாலாம் நாளில் எல்லாம் மறுபடியும் நிறுக்கப்பட்டது, எடையும் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோக, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் அவரே காரணம் சொல்கிறார்.

2 இராஜாக்கள் 12-இல், யூதாவின் யோவாஸ் ராஜாவின் காலத்தில், ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று ஒரு வசனம் வருகிறது. இதைச் சிலர் என்னிடம் நீட்டுவதுண்டு. அதே அதிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசித்தால் போதும். பணம் ஆசாரியர்களின் கையிலேயே போய்க்கொண்டிருந்தது. யோவாஸின் 23-ஆம் வருஷம் வரைக்கும் பழுது பார்க்கப்படவே இல்லை. அப்புறம்தான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. ராஜாவின் ஆளும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணிய பிறகே பணம் வேலைக்காரர்களுக்குப் போனது.

அண்ணன் சம்மதித்தார். ஊழியத்தின் பெயரில் தனிக் கணக்குத் திறந்தோம், காசோலைக்கு இரண்டு கையெழுத்து. காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணுவார்கள். எண்ணியவர் செலவு செய்யமாட்டார், செலவு செய்பவர் கணக்கு எழுதமாட்டார். நல்ல பழக்கமுள்ள எந்த நிறுவனத்திலும் இருப்பதுதான் இது.

தெரு வேறு. அங்கே ரசீது கிடையாது. நடு இரவில் ஒருவருக்கு ஊருக்குப் போகப் பயணச்செலவு கொடுத்தால் எதை வவுச்சர் என்று ஒட்டுவது? பலருக்குக் கையெழுத்துத் தெரியாது. தெரிந்தவர்கள் சிலர் பெயர் சொல்லவே பயப்படுவார்கள். வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், யாரோ தேடுகிறார்கள் என்று ஒளிந்திருப்பவர்கள்.

பல ஊழியங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி போட்டோ. சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டும்போது ஒரு படம், போர்வை போர்த்தும்போது ஒரு படம். காணிக்கை கொடுத்தவருக்கு நம்பிக்கை வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் அன்று பசியோடு இருந்தார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அவருடைய முகத்தை விலையாக வாங்கி, அதைக் கணக்குப் புத்தகத்தில் சேர்க்க என்னால் முடியாது. அதை நான் கணக்கு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்வது எளிது, ஆனால் சோம்பல் கூடாது. எந்த இரவும் தனியாக யாரும் போவதில்லை. கையில் பணமாகக் கொடுப்பதை முடிந்தவரை குறைத்தோம். மருந்துக்கடைக்கும் சமைத்துத் தருகிறவருக்கும் நாங்களே நேரடியாகக் கொடுத்து பில் வாங்குகிறோம். பணமாகவே கொடுக்க வேண்டி வந்தால், அந்த இடத்திலேயே ஒரு சிறு நோட்டில் எழுதுகிறோம்: தேதி, தெரு, தொகை, காரணம். பெயர் வேண்டாம். போன இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதியதை நான் ஏற்பதில்லை. இதில் எனக்குக் கறாரானவன் என்ற பெயர் உண்டு. அப்படியே இருக்கட்டும்.

இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுக்கும் காணிக்கையில்தான் நல்லவர்களே வழுக்குகிறார்கள். போர்வைக்கு என்று பணம் வந்திருக்கும், அந்த வாரம் வேன் பழுதாகும். "வேன் போனால்தானே போர்வை போகும்" என்பார்கள். நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் கொடுத்தவரைக் கேட்டுவிட்டு மாற்றுவதற்கு ஒரு போன் போதும். இதுவரை நான் கேட்ட யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊழியர்களின் கையில் அழுத்தப்படும் அன்பளிப்பு இன்னொரு சங்கடம். "இது ஊழியத்துக்கு இல்லை அண்ணே, உங்களுக்கு" என்பார்கள். அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாமுக்கு 1950-இல் அட்லாண்டாவில் நடந்ததை இங்கே சொல்வதுண்டு. கூட்டங்கள் முடிந்ததும் அவர் சிரித்தபடி விடைபெறும் படத்தையும் காணிக்கை மூட்டைகளின் படத்தையும் பத்திரிகை பக்கத்தில் பக்கத்தில் போட்டது. அதன்பின் அவர், தமக்கென்று ஜனங்கள் கொடுக்கும் அன்பின் காணிக்கையை வாங்குவதை விட்டு, தம் ஸ்தாபனத்திலிருந்து நிர்ணயித்த சம்பளத்துக்கு மாறினார். எங்கள் அண்ணனுக்கும் ஒரு சம்பளம் முடிவு செய்தோம். தொகையை அவர் முடிவு செய்யவில்லை. அவர் வீட்டில் அன்றைக்கு நிம்மதி வந்தது. மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணத்துக்கு எந்தப் பணத்தைத் தொடுவது என்ற குழப்பம் தீர்ந்தது.

காணிக்கை கொடுப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அனுப்பி வந்தோம். ஒரு இரவு, வீதியில் நெடுங்காலம் இருக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "எங்க பேரைச் சொல்லித்தானே வாங்குறீங்க? எவ்வளவு வருது?" கூட வந்த இளைஞர்களுக்கு அது குத்தலாகப் பட்டது. எனக்கு அது கேட்கவேண்டியவர் கேட்ட கேள்வி. அடுத்த வாரம் அதே கணக்கைக் கொண்டுபோய் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார்கள். பிறகு ஒரு அம்மா, "போர்வைக்கு இவ்வளவா? அது எங்ககிட்ட குமிஞ்சு கெடக்கு. கால் புண்ணுக்கு மருந்துதான் இல்ல" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கொடுப்பவர்களுக்குப் போர்வை கொடுக்கப் பிடிக்கும், நாங்களும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது மருந்துக்கு அதிகம் ஒதுக்குகிறோம். ஒவ்வொரு காலாண்டும் கணக்கு முதலில் தெருவில் வாசிக்கப்படுகிறது, அப்புறம்தான் கொடுப்பவர்களுக்குப் போகிறது. காணிக்கை எண்ணும்போது தெருவில் இருப்பவர்களில் ஒருவரும் உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அண்ணன் சரி என்றுவிட்டார். டிரஸ்டிகளில் ஒருவர் மட்டும் இன்னும் யோசிக்கிறார், அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.