அரை ஏக்கர் தகடு

ஜூன் 8, ஞாயிறு, கிருஷ்ணகிரி

அக்கா மகள் படக்கதை எழுதுகிறாள். சனிக்கோளுக்குப் போகும் கப்பல், அதில் ஆறு பேர். "கதையை நான் பாத்துக்கறேன் மாமா, கப்பலை நீங்க வரைஞ்சு குடுங்க" என்று சார்ட் பேப்பரோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளே ஒன்று வரைந்திருந்தாள்: கூர்மூக்கு, இரண்டு சிறகு. அழகாகத்தான் இருந்தது. காற்றே இல்லாத இடத்தில் சிறகுக்கு என்ன வேலை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து அவளே ரப்பரால் அழித்தாள். துகளை ஊதிவிட்டு, "அப்போ எப்படி வேணா இருக்கலாமா?" என்றாள்.

இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் கேள்வி, கீழே என்பது எந்தப் பக்கம்?

சினிமாக் கப்பல்களில் பாதிக்கு மேல் கடல் கப்பல் மாதிரி, தரை நீளவாக்கில் ஓடும். பின்னாலிருந்து இன்ஜின் தள்ளும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பின்சுவர்தான் தரை. பஸ் சட்டென்று கிளம்பினால் முதுகு சீட்டில் அழுந்துகிறதே, அதுதான். ஆகவே அறைகளை மாடி மேல் மாடியாக அடுக்க வேண்டும், இன்ஜின் அடித்தளத்தில்.

இன்ஜினை அணைத்துவிட்டால் எடை போய்விடும். அப்போது கப்பலைச் சுழற்றலாம், உள்ளே இருப்பவர்கள் வெளிச்சுவரில் அழுந்துவார்கள், அதுவே எடை. போன பொங்கலுக்கு ஒகேனக்கல்லில் பரிசல்காரர் விளையாட்டாக ஒரு சுற்று சுற்றிவிட்டதில் இவளுக்குத் தலைசுற்றி, மதியம் வரை மீன்கூடத் தொடவில்லை. அதை ஞாபகப்படுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் எடை வேண்டுமென்றால் ஆரம் 224 மீட்டர். 4 சுற்றென்றால் 56 மீட்டர் போதும். வெறும் 6 மீட்டர் சக்கரமென்றால் 12 சுற்று சுற்ற வேண்டும், யாரும் நிற்க முடியாது. கப்பலின் நடுவிலிருந்து 56 மீட்டர் நீளத்தில் இரண்டு கைகள் என்று முடிவு செய்தோம்.

ஆனால் சுழலும்போது 'கீழே' வெளிப்பக்கம் போய்விடுகிறது, இன்ஜின் ஓடும்போது பின்பக்கம். ஒரே அறைக்கு இரண்டு தரை. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "தூளி மாதிரி தொங்க விடுங்க மாமா. அதுவே பாத்துத் திரும்பிக்கும்." கையின் நுனியில் கீல் வைத்து அறையைத் தொங்கவிட்டேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் தரை தரையாகவே இருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை அது.

ஜூன் 13, வெள்ளி

சீசன் உச்சம். வாசலில் பெங்களூரா மாம்பழ லாரிகள் வரிசை. ராத்திரி ஷிஃப்டில் எங்கள் மாம்பழக் கூழ் ஆலையின் கூலிங் டவர் ஃபேன் மோட்டார் எரிந்துவிட்டது. காய்ச்சிய கூழ் ஆறவில்லை, லைனை நிறுத்திவிட்டோம். மோட்டாரைக் கழற்றி மாற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது. ஏணியில் நிற்கும்போது ஒன்று தோன்றியது: இங்கே சூட்டை வாங்கிக்கொள்ள காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. அந்த ஆறு பேருக்கு?

ஜூன் 15, ஞாயிறு

தூங்கி எழுந்ததும் அதைத்தான் எடுத்தோம். விண்வெளி குளிர் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் வெற்றிடத்தில் சூட்டைத் தொட்டு வாங்க எதுவும் இல்லை. ஃபிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருப்பது போலத்தான். சூடு கதிராக மட்டுமே வெளியேறும், அதற்குப் பெரிய தகடு வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெள்ளைத் தகடுகள் மடிப்பு மடிப்பாக நிற்பது இதற்குத்தான். அவற்றுக்குள் ஓடுவது, குளிர்பதனக் கிடங்குகளில் ஓடும் அதே அம்மோனியா.

27 டிகிரியில் இருக்கும் தகடு, ஒரு சதுர மீட்டர் முகத்திலிருந்து அதிகபட்சம் 460 வாட் வரைதான் விடும். கப்பலில் இருக்கும் அணு உலையின் கழிவு வெப்பம் ஒரு மெகாவாட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2,180 சதுர மீட்டர். அரை ஏக்கருக்கு மேல்! அக்கா, "மாந்தோப்பையே கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். ஆனால் தகட்டை 327 டிகிரிக்குச் சூடாக்கினால் கெல்வின் கணக்கில் (273 கூட்டினால் 300, 600) இருமடங்கு, கதிர்வீச்சு 16 மடங்கு. மூணரை சென்ட்டுக்குள் வேலை முடிந்தது. அந்தச் சூட்டில் அம்மோனியா சரிப்படாது, உருகிய உலோகம் ஓட வேண்டும். ஆக, உலைக்குச் சின்னதாகக் கொதிக்கும் தகடு, அறைகளுக்கு வெளுப்பான குளிர்ந்த தகடு. விளிம்பு சூரியனைப் பார்க்கட்டும். ஒன்றையொன்று பார்த்து நிற்கக் கூடாது, பார்த்தால் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கிக்கொள்ளும்.

1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் டிஸ்கவரி கப்பலுக்கும் முதலில் இப்படித் தகடுகள் வரைந்திருந்தார்கள். பார்ப்பவர்கள் சிறகு என்று நினைப்பார்கள் என்று எடுத்துவிட்டார்கள். உலையை ஆட்களிடமிருந்து தள்ளிவைக்க நீண்ட முதுகெலும்பு கொடுத்தவர்கள், மனிதர் இருக்குமிடத்துக்குச் சுழல் சக்கரம் வைத்தவர்கள், இதை மட்டும் விட்டது எனக்கு மனசு ஆறவில்லை. அந்த முதுகெலும்பின் மேல் தகடுகள் விரிந்து நின்றிருந்தால் என்ன அழகாக இருந்திருக்கும்!

ஜூன் 19, வியாழன்

டபுள் ஷிஃப்ட். பென்சிலைத் தொடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அட்டையில் மாதிரி செய்தோம். பேனா மூடி, மருந்துப் பாட்டில் மூடி எல்லாம் ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். 1977-ன் 'ஸ்டார் வார்ஸ்' கப்பல்களையும் இப்படித்தான், கடையில் விற்கும் பீரங்கி, கப்பல் பொம்மைப் பெட்டிகளின் துண்டுகளை ஒட்டிச் செய்தார்கள். பொடிப்பொடியாக ஏதாவது இருந்தால்தான் கண்ணுக்கு அளவு பிடிபடும், அது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு மூடிக்கும் வேலை சொல்லச் சொன்னேன். வால்வு, ஆண்டெனா, ஏணிப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தவள் தகட்டருகே நின்றுவிட்டாள்.

"இது ஓட்டையானா யாரு மாமா சரிபண்ணுவாங்க? கதையில டாக்டர் இருக்காங்க, கேப்டன் இருக்காங்க..."

நோட்டை எடுத்து ஆறை அடித்து ஏழு என்று எழுதினாள். பக்கத்தில் 'ஃபிட்டர்' என்று.

ஏழாவது ஆளுக்குப் படுக்கை இல்லை. அறை கனமானால் கீலும் தடிக்க வேண்டும். நாளை நான்காம் தளத்தை மறுபடி வரைகிறேன்.