96 என்று எழுதியிருந்தால் 96 ஆகிவிடாது

பெரியப்பா விட்டுப்போன எல்பி இசைத்தட்டுகள் மொத்தம் 43. டீப் பர்ப்பிள், சாண்டானா, லெட் செப்பலின் என்று மேல்நாட்டு ராக் குழுக்கள், நடுவில் நம்ம சிங்கப்பூர் குவெஸ்ட்ஸ். 1972-இல் நீளமுடி வைத்திருந்ததற்காக லெட் செப்பலினை ஊருக்குள்ளேயே விடாத காலத்தில் இதையெல்லாம் தேடி வாங்கிய மனுஷர் அவர். தேயும் முன்னால் நல்ல தரத்தில் கணினியில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பினேன். கிளம்பியது ஜனவரியில்.

முதலில் சோம்பல்பட்டு ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். தட்டுக்கு 25 வெள்ளி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 தடவை அளந்து பதிவது என்று பேச்சு. சோதனைக்கு நாலு தட்டு கொடுத்தேன். மூன்று வாரம் இழுத்தடித்து ஒரு பென்டிரைவ் தந்தார்கள். ஃபைல் விவரத்தில் 96 என்றுதான் இருந்தது. ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமைத் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால், அளக்கும் வேகத்தில் பாதியான 48 வரை இடம் இருந்தும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரே இருட்டு, கத்தரி வைத்து வெட்டினாற்போல. எம்பி3-யை ஊதிப் பெரிதாக்கினால் இப்படித்தான் இருக்கும். போய்க் கேட்டதற்குக் கடைக்காரர், “தம்பி, அதெல்லாம் மனுஷக் காதுக்குக் கேக்கவா போகுது?” என்றார். கேட்குதோ இல்லையோ அண்ணே, நான் காசு கொடுத்தது அதுக்குத்தானே! 100 வெள்ளி போனது போனதுதான்.

சரி, நாமே செய்வோம். டர்ன்டேபிள் வீட்டில் இருந்தது, ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் மட்டும் வாங்கினேன். முதல் நாள் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். எர்த் வயரை ப்ரீஆம்பில் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) திருகியதும் நின்றது. தனி ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்கள் டர்ன்டேபிளுக்குப் பின்னால் உள்ள சுவிட்சை ஃபோனோவில் வையுங்கள். லைனில் இருந்தால் இரண்டு தடவை ப்ரீஆம்ப் ஆகி, பேஸ் வீங்கி, பாட்டே கரகரவென்று உடையும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் வருஷக்கணக்காகக் கிடந்ததால் பள்ளங்களில் வெள்ளையாகப் பூஞ்சை. டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைத்ததில் போய்விட்டது. ஆனால் அதே துணியோடு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் பக்கம் போய்விடாதீர்கள், அவை அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். பெரியப்பாவின் தமிழ்ப்பாட்டுத் தட்டு ஒன்றின் ஓரத்தை நான் அப்படித்தான் மழுக்கினேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் மேல்மாடியில் வீடு புதுப்பிக்கும் வேலை. துளை போடும் அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கி நேராக ஊசிக்கு வந்துவிடுகிறது, காதை மூடிக்கொண்டு தப்பிக்கும் சமாசாரம் இல்லை. ஞாயிறு மட்டும்தான் எனக்கு. ஐந்து ஞாயிறு உட்கார்ந்து, நிமிடத்துக்குச் சுமார் 35 எம்பி என்று 11 தட்டு முடித்த பிறகு சும்மா ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்தேன். 22 கிலோஹெர்ட்ஸில் அதே கத்தரி வெட்டு!

கடைக்காரரை ஊரெல்லாம் திட்டிவிட்டு நானும் அதையேதான் செய்திருக்கிறேன். ஒடாசிட்டியில் 96 வைத்திருந்தேன், விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்த இன்டர்ஃபேஸ் 16 பிட், 44,100-லேயே இருந்திருக்கிறது. அதில் பாதிதான் அந்த 22. விண்டோஸ் அந்த அளவில் வாங்கி 96 ஆக ஊதிக் கொடுத்திருக்கிறது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ரெக்கார்டிங் சாதனத்தின் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு போய் 24 பிட், 96,000 ஆக்கி, ஒடாசிட்டியில் விண்டோஸிடமிருந்து ஒலியை வாங்கும் வழியை எம்எம்இ-யிலிருந்து வசாபிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இனி எந்தத் தட்டானாலும் முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து படத்தைப் பார்த்த பிறகுதான் மிச்சம்.

அந்தப் படத்தை முதன்முறை முழுசாகப் பார்த்தபோது சாண்டானா தட்டில் பெரியப்பா எப்போதோ ஊசியை நழுவவிட்ட கீறல், ‘டிக்’ என்ற ஒரு சின்னச் சத்தம், மெல்லிய கோடாகக் கீழிருந்து 48 கிலோஹெர்ட்ஸ் வரை நிமிர்ந்து நின்றது. அதை டீக்ளிக் (‘டிக்’ சத்தங்களை நீக்கும் வசதி) போட்டு அழிக்கவில்லை.

திரும்பப் பதிந்ததில் இதுவரை 7 முடிந்திருக்கிறது. மேல்மாடி வேலை போன வாரம் ஓய்ந்தது. நேற்று லிஃப்ட் பக்கத்தில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், இந்த முறை எதிர்வீடு.