கிராஃப் பச்சை, சைட் மட்டும் காலி

சர்வரைக் கண்காணிக்கும் ப்ரொமிதியஸ் ஓடுகிறதே, வெப்சர்வரான என்ஜின்எக்ஸின் லாகை எதற்குத் திறக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ப்ரொமிதியஸுக்கு எண்களைக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 போர்ட்டில் சொல்வது மெஷினின் நிலவரம்: சிபியு, ரேம், டிஸ்க். என்ஜின்எக்ஸ் முட்டி நிற்கும் இடம் வேறாக இருக்கலாம். உபுண்டு பேக்கேஜில், ஒரு வொர்க்கர் (என்ஜின்எக்ஸின் வேலை செய்யும் ப்ராசஸ்) ஒரே நேரத்தில் தாங்கும் இணைப்புகளின் வரம்பான வொர்க்கர்_கனெக்‌ஷன்ஸ் 768 என்றுதான் வரும். 2 கோர் என்றால் 2 வொர்க்கர், மொத்தம் 1536. ப்ராக்ஸியாக ஓட்டினால் பிரௌசர் பக்கம் ஒன்று, பின்னால் இருக்கும் ஆப் பக்கம் ஒன்று என்று ஒரு ரிக்வெஸ்டுக்கே இரண்டு போய்விடும். ஒரே நேரத்தில் 768 பேர் வந்தாலே கதை முடிந்தது. சிபியு அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இதைக் காட்டிக்கொடுப்பது என்ஜின்எக்ஸின் ஸ்டப்_ஸ்டேட்டஸ் என்ற நிலவரப் பக்கம். அதில் அக்செப்ட்ஸ் (வந்தவை), ஹேண்டில்டு (கவனிக்கப்பட்டவை) என்று அடுத்தடுத்து இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹேண்டில்டு குறைந்தால் வந்த கனெக்‌ஷனை என்ஜின்எக்ஸ் கைவிட்டிருக்கிறது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகின் ஈவென்ட்ஸ் பிளாக்கில் வொர்க்கர்_கனெக்‌ஷன்ஸை 4096 ஆக்குங்கள். பிளாக்குக்கு வெளியே, ஒரு வொர்க்கர் திறக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பான வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைல் 8192 போடுங்கள்; ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபைலாகவே எண்ணப்படும். இரண்டாவதை மறந்தால், ஃபைல் லிமிட் 1024லேயே நிற்கும் மெஷினில் எரர் லாக் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று புலம்பும். கான்ஃபிகை டெஸ்ட் பண்ணிவிட்டு ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம்.

சைட் மெதுவாக இருந்தால் லாக் ஃபார்மேட்டில் ரிக்வெஸ்ட்_டைம் (மொத்த நேரம்), அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம் (ஆப் பதில் தர எடுத்த நேரம்) இரண்டையும் சேருங்கள். தானாக வராது. இரண்டும் ஒட்டி வந்தால் ஆப் மந்தம். முதலாவது மட்டும் எகிறினால் பெரும்பாலும் பார்ப்பவரின் நெட் மந்தம். பெரிய டாஷ்போர்டைவிட இந்த இரண்டு ஃபீல்டுக்கே என் ஓட்டு.

ஆனால் பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற 502 எரர் வந்தால் லாக் கைவிரித்துவிடும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. ரேம் கிராஃப் உச்சிக்குப் போய்ச் சட்டென்று செங்குத்தாக விழுந்திருந்தால் ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர், பிஎச்பி ஆப்பை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மைக் கொன்றிருக்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) பெயரோடு இருக்கும். டிஸ்கில் இடம் இருந்தும் ஃபைல் எழுத முடியவில்லையா? ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும், அதுவும் மானிட்டரிங் பக்கத்துச் சமாச்சாரம்தான்.

அலர்ட்டை ஆக்டிவ் கனெக்‌ஷன் எண்ணில் மட்டும் வைக்காதீர்கள். ப்ரொமிதியஸ் 15 நொடிக்கு ஒருமுறை எண்களை எடுக்கும் ஸ்க்ரேப்புக்கு நடுவே 5 நொடி ஏறி இறங்கினால் அது பதிவாகாது. அக்செப்ட்ஸும் ஹேண்டில்டும் கூடிக்கொண்டே போகும் எண்கள். இடைவெளி விழுந்தால் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் பண்ணும்வரை அப்படியே நிற்கும்.