முதலில் வடிகால்: குன்னூர்ச் சரிவில் குழந்தைகளுக்கு இயற்கை விளையாட்டிடம்

மரக்கட்டை, மண்மேடு, மணல், கயிறு. குன்னூர்ப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவில் இவற்றை வைத்தே விளையாட்டிடம் அமைத்தோம். இதே வேலையில் இறங்குபவர்களுக்காகச் செய்த முறையை எழுதுகிறோம்.

மண் வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முடிய. நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்க முடியாது; சின்ன இடத்துக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மழையில் சாய்ந்த மரத்தை அனுமதியோடு கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். ஒரு அடி ஆழக் குழி தோண்டி நிறைய ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்த மண் தானாக வடிக்காது. சரிவின் மேல்பக்கம் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து ஒன்றரை இஞ்ச் ஜல்லி நிரப்பினோம். இறக்கம் நூறு அடிக்கு ஒன்றரை அடி.

கட்டை நடுவதில்தான் முதலில் தப்பு செய்தோம். அடியில் கான்கிரீட் போட்டால் உறுதி என்று நினைத்தோம். கான்கிரீட் கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்தது. இரண்டு மழைக்காலம் கழித்து, தரை மட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் ஒரு இஞ்ச் உள்ளே இறங்கியது. ஈரமும் காற்றும் சேரும் இடம் அதுதான், அழுகலும் அங்கேதான் தொடங்கும். இப்போது குழியில் அரை அடி ஜல்லி போட்டு, கட்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புதைத்து, சுற்றிலும் ஜல்லியை அரை அடி அரை அடியாகக் கடப்பாரையால் இடிக்கிறோம். பட்டையை உரித்துவிடுங்கள், உள்ளே பூச்சி சேரும். கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) காயும்போது வெடிக்கும், அந்தப் பிளவில் சின்ன விரல் மாட்டும். மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். தலைப்பகுதியைக் கொஞ்சம் சாய்வாக அறுத்தால் தண்ணீர் நிற்காது. மழைக்காலத்தில் பாசி படியும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும்.

ஏறும் உயரம் நாலு அடிக்கு மேல் வேண்டாம். கீழே ஒரு அடி கனத்துக்கு மரச்சில்லு, சுற்றிலும் ஐந்து அடிக்கு. அது மிதிபட்டு இறுகும், மக்கும். வருடா வருடம் மேலே நிரப்புங்கள். கட்டைகளுக்கு நடுவே மூன்றரை இஞ்சுக்கு மேல், ஒன்பது இஞ்சுக்குள் இடைவெளி விடவே கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது.

மணல்குழி 10 அடிக்கு 8 அடி. அடியில் அரை அடி ஜல்லி (40 கன அடி), அதன்மேல் வடிகட்டும் துணி, மேலே ஒரு அடி ஆற்று மணல் (80 கன அடி). பாறையை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் கூர்கூராகக் குத்தும், வேண்டாம். இரவில் வலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பூனைகள் அசுத்தம் செய்யும்.

செடி விஷயத்தில் ஆசைப்பட்டு தவிட்டுப்பழம் நட்டுவிடாதீர்கள். பழம் இருந்தால் குரங்கும் கரடியும் வரும். ஊமத்தை இனத்து ஏஞ்சல் டிரம்பெட், டிஜிடாலிஸ், உண்ணிச்செடி மூன்றும் விஷம், இருந்தால் வேரோடு எடுங்கள். ரோஸ்மேரி, தைம், எலுமிச்சைப்புல் நட்டோம். குழந்தைகள் கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள். எந்தப் புதரும் இடுப்புக்கு மேல் வளர வேண்டாம், பின்னால் காட்டெருமை நின்றாலும் தெரிய வேண்டும்.

கனமழை பெய்த மறுநாள் காலை கேட்டைத் திறக்கும் முன் வாய்க்காலில் இலை அடைத்திருக்கிறதா, கட்டை எதுவும் ஆடுகிறதா என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.