‘ஷூட்’ என்று காதில் விழுந்தால்

2003-இல் சென்னையில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்தில் சேர்ந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டு டைப் செய்ய வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் பதிவை ஓட்டவும் நிறுத்தவும் ஃபுட் பெடல். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி. சம்பளம் வரிக் கணக்கில்தான்.

மருந்துப் பெயர்களும் நோய்ப் பெயர்களும் பயிற்சியிலேயே பிடிபட்டுவிட்டன. நாக்குத் தவறும்போது டாக்டர்கள் வாயில் வரும் சலிப்புச் சொற்களை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஷூட், டார்ன், ஹெக், ஃபார் பீட்ஸ் சேக்.

இரண்டாம் மாதம், ஒரு எலும்பு டாக்டரின் ஃபைல். வலது காலில் வலி என்றார், ‘ஷூட்’ என்றார், அடுத்த மூச்சில் இடது கால் என்றார். எனக்கு ‘ஷூட்டிங் பெயின்’ தெரியும். சுரீரென்று பாய்கிற வலி. வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாயும் வலி என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன். எடிட்டர் அக்கா கூப்பிட்டார். ஹெட்போனை என் காதில் மாட்டி, அந்த நாலு நொடியை மூன்று முறை ஓட்டினார்.

“வலியைப் பத்திச் சொல்லலைம்மா. தப்பாச் சொல்லிட்டோமேன்னு ‘ச்சே’ங்கறார். வலது காலே கிடையாது, இடதுதான்.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எந்தக் கால் என்பதில் தவறலாமா?

அப்புறம்தான் இந்தச் சொற்களைத் தேடிப் படித்தேன். ஷூட் என்பது மலத்தைக் குறிக்கும் கெட்ட வார்த்தையில் தொடங்கி, பாதியில் தடம் மாறியது. டார்ன் ‘டேம்’ என்ற சாபத்தின் மாற்று, ஹெக் நரகத்துக்கு, காஷ் கடவுளுக்கு. கடவுள் பெயரை வீணாகச் சொல்லக்கூடாது என்பது பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஒன்று. இங்கிலாந்தில் 1606-இல், நாடக மேடையில் அப்படிச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டமே வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் 1622 பதிப்பில் இருந்த ‘ஸவுண்ட்ஸ்’, அதாவது ‘கடவுளின் காயங்கள் மேல் ஆணை’, 1623 பதிப்பில் இல்லை. நம் ‘ச்சே’வும் ‘அட’வும் எதையும் மறைக்க வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை, அந்த ஒலியே சலிப்பு.

பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஷூட் கேட்டால் பெடலிலிருந்து காலை எடு, பின்னால் போ, அதற்கு முன் சொன்னதைத் திரும்பக் கேள். அந்தச் சொல் ரிப்போர்ட்டில் வராது. ஆனால் திருத்தம் அதன் பின்னால்தான் நிற்கும், பெரும்பாலும் மெல்லிய குரலில்.

சில டாக்டர்கள் ஷூட்டோடு ‘சாரி’யும் சொல்வார்கள். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத அறையில், முகம் தெரியாத எங்களிடம். பதில் சொல்ல எங்களுக்கு வழி இல்லை. அந்த ஃபைலை மட்டும் இன்னொரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு அனுப்புவேன்.