மண்டபத்து வாசலில் இரட்டைச் சிலிண்டருக்கு மட்டம் பார்த்த கதை

மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருப்பதால், கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்புக் காற்று எங்கள் வாசலில் நிற்கும் வண்டியின் மேல்தான் படியும். 2019இல் வாங்கிய என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் சென்ற ஆனி மாதத்தில் தொந்தரவு கொடுக்கத் தொடங்கியது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்று ஓடும்போது, ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) 1,200க்கும் 1,500க்கும் இடையே ஏறி இறங்கியது. 3,000ஐத் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போனது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடத்தது. சர்வீஸில் காட்டியபோது இந்த வண்டிக்கு இது இயல்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் ஓட்டிய எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

648 சிசி எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனி துராட்டில் பாடி (காற்று உள்ளே போகும் வாய்) உண்டு. பெட்ரோலை ஈசியு (எஞ்சினின் கணினி) கணக்குப் பார்த்து விட்டாலும், அந்த வாய்களில் காற்றை அளவாக விடும் தட்டுகளான இரண்டு பட்டர்ஃபிளைகளும் ஒரே அளவு திறக்காவிட்டால் ஒரு சிலிண்டர் இழுக்க, மற்றது பின்தங்கிவிடும். இரு பக்கத்து உறிஞ்சு விசையையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூபே போதும். ஆறு மீட்டர் ட்யூபை ஓர் உயரமான பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றினேன். உறிஞ்சு விசை அதிகமான பக்கம் ஆயில் ஏறும். பாதரசம் ஒரு மில்லிமீட்டர் காட்டும் வித்தியாசத்தை ஆயில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டராகக் காட்டும் என்பதால், இந்த எளிய கருவி மிக நுட்பமானது.

அவசரப்பட்டு அன்று மாலையே ட்யூபின் இரு முனைகளையும் இரண்டு துராட்டில் பாடிகளிலும் மாட்டி எஞ்சினை ஓட்டினேன். இடப்பக்க ஆயில் சரசரவென ஏறி எஞ்சினுக்குள் போகப் பார்த்தது. கில் ஸ்விட்சைத் தட்டித்தான் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். பார்த்துவிட்டு, “தம்பி, மொதல்ல வேற எங்கயாவது காத்து உள்ள போகுதான்னு பாருங்க. அப்புறம் திருகலாம்,” என்றார்.

மறுநாள் ஐடிலில் ஓடவிட்டு, துராட்டில் பாடியைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தேன். சூடான எஞ்சின் மேல் தீப்பற்றக்கூடிய கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதை நான் விரும்புவதில்லை. துராட்டில் பாடியை எஞ்சினோடு இணைக்கும் வலப்பக்க இன்டேக் ரப்பரில் பட்டதும் சத்தம் மாறியது. கழற்றினால், துருவேறிய கிளாம்புக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்ததால்தான் வலப்பக்க உறிஞ்சு விசை குறைந்திருக்கிறது. அந்த நிலையில் திருகியிருந்தால், ஓட்டைக்கு ஈடுகட்டும் பொய்யான சமநிலையே கிடைத்திருக்கும். சென்சார் கனெக்டர்களின் பின்களும் பச்சை பூத்திருந்தன; துடைத்துக் கிரீஸ் தடவினேன்.

புது ரப்பர் வந்ததும், இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் காலையில் வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். பிறகு கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, முன்னால் மேசை மின்விசிறியை வைத்தேன். நின்ற இடத்தில் ஓடும்போது காற்றுக் குளிர்ச்சியை நம்பிய எஞ்சின் வெந்துவிடும். இரு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிக்காத 270 டிகிரி கிராங்க் என்பதால் ஆயில் துள்ளிக்கொண்டே இருந்தது. மீன்தொட்டிக் குழாயில் போடும் சிறு வால்வுகளை இருபுறமும் செருகி இறுக்கியதும் அடங்கியது. இப்போதும் இடப்பக்கம் ஒரு முழம் உயரமாக நின்றது. குறைவாகத் திறந்தால் உறிஞ்சு விசை கூடும்; அதாவது அந்தப் பட்டர்ஃபிளைதான் குறைவாகத் திறந்திருக்கிறது.

இரண்டையும் இணைக்கும் திருகை மட்டும் அரைக்கால் சுற்று திருப்புவது, ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கி விடுவது, ஆயில் நிலைக்கும்வரை காத்திருப்பது என்று நான்கு முறை செய்தேன். கம்பெனியில் பெயின்ட் வைத்து அடைத்த நிறுத்தத் திருகுகளைத் தொடவேயில்லை; அவற்றைக் கலைத்தால் அடிப்படை அளவே போய்விடும். கடைசியில் வித்தியாசம் இரண்டு விரற்கடைக்கு வந்தது. 3,000 ஆர்பிஎம்மிலும் அது கூடவில்லை.

விடியற்காலையில் உச்சிப்புளி வரை ஓட்டினேன். 80இல் போகும்போது, பின்னால் வந்த மீன் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடியில் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. 200 கிலோமீட்டர் ஓடிய பின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்; இரண்டும் ஒரே வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தன.